காணாக்கடிக்கு எந்த டெஸ்ட்: தோலில் சீரம் ஊசியா, பேசோஃபில் சோதனையா?

எட்டு மாதமாகத் தினமும் தடிப்பு, அரிப்பு. ஆறு வாரத்தைத் தாண்டினாலே நாள்பட்ட காணாக்கடிதான். கத்திரிக்காய், கருவாடு என்று ஒவ்வொன்றாக ஒதுக்கிப் பார்த்தும் குறையவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிறதா என்று பார்க்க, டாக்டர் இரண்டு வழி சொன்னார்.

ஒன்று தோல் சோதனை. நம் ரத்தத்திலிருந்தே சீரத்தை (அணுக்களும் உறைபொருளும் நீங்கிய தெளிந்த நீர்) பிரித்து, முன்கையில் 0.05 மி.லி. ஏற்றுவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்தில் உப்புநீரும், அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமினும். 30 நிமிடம் கழித்து, சீரத் தடிப்பு உப்புநீர்த் தடிப்பைவிட 1.5 மி.மீ.யாவது பெரிதாக இருந்தால் பாசிட்டிவ். செலவு குறைவு, அன்றைக்கே முடிவு.

இன்னொன்று பேசோஃபில் சோதனை. நம் சீரத்தை வேறொருவரின் பேசோஃபில்களோடு (ஹிஸ்டமினைத் தேக்கி வைத்திருக்கும் வெள்ளை ரத்த அணுக்கள்) கலந்து, அவை ஹிஸ்டமினைக் கொட்டுகின்றனவா, மேற்பரப்பில், தூண்டப்பட்டதைக் காட்டும் சிடி63 என்ற புரதம் தோன்றுகிறதா என்று பார்ப்பது. சில லேப்களில்தான் செய்கிறார்கள். ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்க வேண்டும்.

நான் எடுத்தது இரண்டாவது. காரணம் மாத்திரைதான். தோல் சோதனைக்கு முன் அலர்ஜி மாத்திரையைச் சில நாள் நிறுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் ஹிஸ்டமின் போட்ட இடம்கூடச் சரியாகத் தடிக்காது. நிறுத்திப் பார்த்தேன். முதல் ராத்திரி தூக்கம் போனது. இரண்டாம் நாள் உதடு வீங்கிவிட்டது. அன்றே மாத்திரையைப் போட்டுக்கொண்டேன், சோதனை ரத்தானது. பேசோஃபில் சோதனைக்கு அந்தத் தொல்லை இல்லை. செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரையைப் போட்டுக்கொண்டே ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். லேசான காணாக்கடி உள்ளவருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. தினமும் வீங்குகிறவருக்கு இதுதான் எல்லாமே.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. தோல் சோதனை நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கும் சில நேரம் பாசிட்டிவ் காட்டும். ஆனால் பேசோஃபில் சோதனையும் அப்பழுக்கற்றது அல்ல. சிலருடைய பேசோஃபில்கள் இந்த மாதிரித் தூண்டலுக்கு அசையாது, அதனால் யாருடைய அணு என்பதும் முக்கியம்.

எனக்குப் பாசிட்டிவ் வந்தது. இப்படி வருகிறவர்களுக்கு ஓமலிசுமாப் ஊசி மெதுவாகவே வேலை செய்யலாம், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தான சைக்ளோஸ்போரின் கைகொடுக்க வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டர். நான் இன்னும் மாத்திரையில்தான் இருக்கிறேன், அதனால் அனுபவமாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்று நாள் மாத்திரை இல்லாமல் தாங்க முடியுமென்றால் தோல் சோதனையே போதும். எதுவானாலும், அதற்கு முன் மொத்த ஐஜிஇ (அலர்ஜியோடு தொடர்புள்ள எதிர்ப்புப் புரதம்), ஆன்டி-டிபிஓ (தைராய்டைத் தாக்கும் எதிர்ப்புப் புரதம்) இரண்டையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். ஐஜிஇ குறைந்து ஆன்டி-டிபிஓ கூடியிருந்தால் அதுவே ஒரு துப்பு. இரண்டும் சாதாரண லேபிலேயே பார்க்கலாம்.