நாய்க்கு வீட்டில் சுடுவது: மொறுமொறு பிஸ்கட்டா, மெத்தென்ற துண்டா, உலர்த்திய இறைச்சியா?

நாய்க்கான தின்பண்டத்தை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று முடிவெடுப்பவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. மாவைப் பிசைந்து கெட்டியான பிஸ்கட் சுடலாம்; கேக் பதத்தில் மெத்தென்ற சிறு துண்டுகள் செய்யலாம்; இறைச்சியை மெல்லியதாகச் சீவி உலர்த்தலாம். மூன்றையும் எங்கள் லாப்ரடாருக்குச் செய்து கொடுத்துப் பார்த்த பிறகு, பிஸ்கட்டையே தொடர்வது என்று தீர்மானித்தேன். அதற்கான காரணம் ருசியைப் பற்றியது இல்லை.

ருசி என்று வந்தால் இறைச்சிதான் வெல்லும். நாயின் நாக்கில் ஏறக்குறைய 1,700 சுவை மொட்டுகளே உண்டு. நமக்கிருப்பதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. எது பிடிக்கும் என்பதை அதன் மூக்குதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. உலர்ந்த ஈரலின் மணத்துக்கு முன்னால் கோதுமை மாவு நிற்க முடியாது. நாய்க்கு மாவுப்பொருள் ஆகாது என்ற வாதத்தை மட்டும் நான் ஏற்பதில்லை. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு, ஓநாய்களைவிட நாய்களிடம் பல மடங்கு நகல்களாகப் பெருகியிருப்பதை 2013-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. சில நாய்களுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது என்பது உண்மை. அவற்றுக்கு அரிசி மாவில் சுடலாம்.

விலக்க வேண்டியவை மூன்று வழிக்கும் பொது. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு, மக்கடேமியா கொட்டை, புளித்துப் பொங்கும் பச்சை மாவு ஆகியவற்றோடு சைலிட்டால் என்னும் இனிப்பூட்டியும் கூடாது. சர்க்கரை சேர்க்காததாக விற்கப்படும் சில வேர்க்கடலை வெண்ணெய்களில் இந்தச் சைலிட்டால் இருக்கும். நாயின் இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று வீழ்த்தி, கல்லீரலையும் அது கெடுத்துவிடும். டப்பாவைத் திறப்பதற்கு முன் மூலப்பொருள் பட்டியலைப் படித்துவிடுங்கள்.

இனி, என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். செய்த பண்டம் எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? நாய்க்குத் தின்பண்டம் என்பது ஒரே நாளில் தின்று தீர்ப்பதில்லை. ஒருமுறை சுட்டால் தினமும் இரண்டு மூன்றாகப் பல வாரங்களுக்கு எடுத்துக் கொடுக்கிறோம். ஆகவே டப்பாவுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

அதற்கு விடை சொல்வது ஈரம். உணவுப் பாதுகாப்பில் இதை நீர்ச்செயல்பாடு என்ற அளவால் பார்க்கிறார்கள்; உணவில் உள்ள நீரில் நுண்ணுயிர்கள் பயன்படுத்திக்கொள்ளும்படி கட்டுப்படாமல் இருப்பது எவ்வளவு என்பதை அது காட்டும். தூய நீருக்கு அது 1. ரொட்டிக்கு ஏறத்தாழ 0.95. நோய் பரப்பும் பாக்டீரியாக்கள் 0.85-க்குக் கீழே பெருகுவதில்லை, பூஞ்சை அதற்கும் கீழே தாக்குப்பிடிக்கும், 0.6-க்குக் கீழே எதுவுமே வளர்வதில்லை. நன்றாகக் காய்ந்த பிஸ்கட் இந்தக் கடைசி எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது. 1860-களில் லண்டனில் நாய் பிஸ்கட்டை வணிகமாகத் தொடங்கிய ஜேம்ஸ் ஸ்ப்ராட்டுக்கு, மாலுமிகளின் கப்பல் ரொட்டியைத் துறைமுக நாய்கள் தின்றதைப் பார்த்துத்தான் அந்த எண்ணம் வந்தது என்று சொல்வார்கள். கப்பல் ரொட்டி மாதக்கணக்கில் கெடாததற்குக் காரணம், அதில் ஈரமே இல்லாததுதான்.

ஆனால் சுட்டு முடித்த பிஸ்கட் எல்லாம் காய்ந்த பிஸ்கட் ஆகிவிடாது. மேலே பொன்னிறமாக இருக்கும். நடுவில் ஈரம் ஒளிந்திருக்கும். கோதுமை மாவு இரண்டு பங்கு, பொடித்த ஓட்ஸ் ஒரு பங்கு, ஒரு முட்டை, வேகவைத்து மசித்த பூசணி கொஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறேன். தண்ணீருக்குப் பதில் ஈரல் வேகவைத்த நீரை, உப்பும் வெங்காயமும் சேர்க்காமல், பிசைவதற்குப் பயன்படுத்துகிறேன். மாவுக்கு இறைச்சி மணம் இப்படித்தான் வருகிறது. அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து வெட்டி, 175 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சுட வேண்டும். அதன்பின் ஓவனை 100 டிகிரிக்குக் குறைத்து இன்னும் ஒரு மணி நேரம் வைத்து, அணைத்த பிறகும் உள்ளேயே ஆறவிட வேண்டும். இந்த இரண்டாவது கட்டத்தைப் பெரும்பாலான செய்முறைகள் சொல்வதே இல்லை. எனக்கு இதுதான் உயிர். ஒன்றை ஒடித்துப் பாருங்கள். டக்கென்று முறிய வேண்டும். நடுப்பகுதி வளைந்தால் மறுபடியும் ஓவனுக்குள் போக வேண்டும். சூடு இருக்கும்போதே மூடினால் டப்பாவின் சுவரில் நீர் கோத்து, காயவைத்த உழைப்பு வீணாகிவிடும்.

மெத்தென்ற துண்டுகள் இந்தச் சோதனையில் தோற்கின்றன. கடையில் விற்கும் மெத்தென்ற வகைகள் அலமாரியில் கெடாமல் இருப்பதற்குக் கிளிசரின் போன்று ஈரத்தைக் கட்டிப்பிடித்து வைக்கும் பொருள்கள் காரணம். வீட்டில் செய்வதில் அது இல்லை; அதன் ஈரம் ரொட்டியின் ஈரம்தான். குளிர்பதனப் பெட்டியில் மூன்று நாலு நாள், உறைநிலையில் அதைவிட நீண்ட காலம், அவ்வளவுதான். பூஞ்சை பிடித்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைக் கொடுப்பது நாய் விஷயத்தில் ஆபத்து. சில பூஞ்சைகள் சுரக்கும் பெனிட்ரெம் ஏ போன்ற நச்சுகள் நாய்க்கு நடுக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கும். ஒரு துண்டில் பூஞ்சை தெரிந்தால் அந்தத் தொகுப்பு முழுவதும் குப்பைக்குத்தான் போக வேண்டும்.

உலர்த்திய இறைச்சி காய்ந்ததுதானே என்று கேட்கலாம். காய்ந்ததுதான், ஆனால் எப்படிக் காய்ந்தது என்பதில் சிக்கல் இருக்கிறது. குறைந்த சூட்டில் உலர்த்தும்போது, ஈரம் ஆவியாவதால் இறைச்சி தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது. சுற்றியுள்ள காற்று சூடாக இருந்தாலும் சதை அந்தச் சூட்டை எட்டுவதில்லை. அதற்குள் மேற்பரப்பு காய்ந்துவிட்டால் சால்மொனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் சூட்டைத் தாங்கும் வலுப் பெற்றுவிடும். அவை பெருகாது, ஆனால் சாகவும் செய்யாது. துண்டைக் கையில் பிடித்துக் கொடுக்கும் குழந்தைக்கும் அது ஆபத்து. அதனால்தான் கோழி இறைச்சியை உள்ளே 74 டிகிரி, மற்றவற்றை 71 டிகிரி எட்டும்வரை முதலில் வேகவைத்துவிட்டு, பிறகு உலர்த்தச் சொல்கிறார்கள். உணவு வெப்பமானி இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். இறைச்சி உலர்த்துவதற்கென்றே உள்ள கருவி என்னிடம் கிடையாது. ஓவனில் செய்த அனுபவத்தை வைத்தே பேசுகிறேன். கருவி வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிதாக இருக்கலாம். ஈரலைத் தேர்ந்தெடுப்பவர்கள் அளவில் கவனமாக இருக்க வேண்டும். நாள்தோறும் அதிகமாகக் கொடுத்தால் வைட்டமின் ஏ உடலில் மிஞ்சிவிடும்.

பிஸ்கட்டுக்கும் ஒரு குறை உண்டு. அதில் கலோரி அடர்த்தி அதிகம். தின்பண்டம் அன்றாடக் கலோரியில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. பத்து கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளுக்குச் சுமார் 600 கலோரி போதும். அதில் தின்பண்டத்தின் பங்கு 60. ஐந்து கிராம் பிஸ்கட் ஒன்றில் 20 கலோரிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். ஆக, மூன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வெட்டும்போதே சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டிவிட்டால் அதே மூன்று பிஸ்கட்டைப் பல தடவையாகக் கொடுக்கலாம். நாய் எண்ணிக்கையைத்தான் கவனிக்கிறது, அளவை இல்லை என்பது என் எண்ணம்.

பயிற்சிக்கு மட்டும் மெத்தென்ற துண்டே மேல். உட்கார், நில் என்று பழக்கும்போது கிடைத்ததை நாய் உடனே விழுங்கிவிட்டு நம் முகத்தைப் பார்க்க வேண்டும். பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டும், சிதறிய தூளை நக்கிக்கொண்டும் இருந்தால் கவனம் போய்விடும். அதற்காகப் பட்டாணி அளவு துண்டுகளை உறைநிலையில் வைத்து, அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுக்கிறேன். பல் விழுந்த முதிய நாயை நான் வளர்த்ததில்லை. அப்படிப்பட்ட நாய்க்குப் பிஸ்கட்டை வெந்நீரில் சற்று ஊறவைத்து, ஆறியதும் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறேன். ஊறியதில் மிஞ்சுவதை மறுநாளுக்கு வைக்க வேண்டாம்.