பழைய ஆர்கேட் மானிட்டர்: சரிசெய்வதா, சேஸியை மாற்றுவதா, எல்சிடியா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பழைய சேஸியை, அதாவது பிக்சர் டியூபை ஓட்டும் எலக்ட்ரானிக் போர்டை, சரிசெய்கிற கட்சி. என் ஆர்கேட் பெட்டிக்குள் (காசு போட்டு விளையாடும் பழைய வீடியோ கேம் பெட்டி) இருந்தது வெல்ஸ்-கார்ட்னர் கே7000 மானிட்டர். பிக்சர் டியூப் நன்றாகவே இருந்தது. படம் மட்டும் நடுவில் ஒற்றைக் கோடாகச் சுருங்கிப்போயிருந்தது. இப்படி ஒரு மானிட்டர் கையில் இருந்தால் மூன்று வழி உண்டு. அந்தச் சேஸியையே பழுது பார்க்கலாம். டியூபை மட்டும் வைத்துக்கொண்டு, எல்லா டியூபுக்கும் பொருந்தும் என்று விற்கிற பொது சேஸியைப் போடலாம். இரண்டையும் கழற்றிவிட்டு எல்சிடி பொருத்தலாம்.

எல்சிடியின் சௌகரியங்களை யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எடை குறைவு, கரன்ட் குறைவு, இருபதாயிரம் வோல்ட் பயம் கிடையாது. ஆனால் பழைய கேம் போர்டுகளில் பெரும்பாலானவை 15 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் தருபவை, அதாவது நொடிக்குச் சுமார் 15,000 கோடுகள். எல்சிடி அதை நேரடியாக வாங்காது. நடுவில் ஜிபிஎஸ்-8200 மாதிரி ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். பேக்-மேன் (1980) படம் 224க்கு 288 புள்ளிகள்தான். அதைப் பேனலின் கட்டங்களுக்குள் இழுத்து நிரப்பும்போது முழு மடங்காகப் பொருந்தாமல் சில புள்ளி தடித்தும் சில மெலிந்தும் தெரியும். ஆர்-டைப் (1987) நொடிக்கு 55 பிரேம், மார்ட்டல் காம்பாட் (1992) 54.7 பிரேம், 60-ல் ஓடும் பேனலில் பின்னணி நகரும்போது விட்டுவிட்டு இழுக்கும். டைம் கிரைசிஸ் (1995) மாதிரித் துப்பாக்கி விளையாட்டில் துப்பாக்கி பார்ப்பது டியூபில் ஓடும் ஒளிக்கற்றையை. எல்சிடியில் அது குருடு. ஆபரேஷன் வுல்ஃப் (1987) துப்பாக்கி பெட்டியிலேயே பொருத்தப்பட்டு, உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரால் திசை சொல்வது. அதற்கு எந்தத் திரையும் ஒன்றுதான்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம். பலருக்கு இது பெரிய விஷயமாகப் படாது. அதில் எனக்குச் சண்டையும் இல்லை. நான் முடிவெடுத்தது வேறொன்றை வைத்து: அடுத்த முறை கெட்டுப்போனால் அதைத் திறந்து பார்க்க சர்க்யூட் டயகிராம் இருக்கிறதா?

ஆர்கேட் மானிட்டர்கள் நாள் முழுக்க ஓடி, வெந்து, மெக்கானிக் வந்து பெட்டிக்குள் தலையை விட்டுச் சரிசெய்வதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. கே7000, கே4600, எலக்ட்ரோஹோம் ஜி07, ஹன்டாரெக்ஸ் எம்டிசி 9000 எல்லாவற்றுக்கும் சர்வீஸ் மேனுவல் உண்டு. அவை இன்றும் கிடைக்கின்றன. எந்த இடத்தில் எத்தனை வோல்ட், எந்த ரெசிஸ்டர் எத்தனை ஓம் என்று எல்லாம் அச்சில் இருக்கிறது. உள்ளே இருக்கும் பாகங்களும் அந்தக் காலத்து டிவிகளில் போட்டவைதான். என் கே7000-ல் வெர்ட்டிகல் ஐசி (படத்தை மேலும் கீழும் விரிப்பது) எல்ஏ7830. பழைய கலர் டிவி பார்த்த எந்த மெக்கானிக்குக்கும் அது தெரிந்த முகம்.

ஆகவே வேலை தொடங்குவது சால்டரிங் அயர்னில் இல்லை, அடையாளம் காண்பதில். இங்கேதான் பலர் டியூபின் லேபிளைப் பார்த்துத் தடம் மாறுகிறார்கள். 19வி என்று ஆரம்பித்து பி22 என்று முடிகிற எண் டியூபுக்குரியது: 19 அங்குலத் திரை, கலர் பாஸ்பர், அவ்வளவுதான். அதே டியூப் வெவ்வேறு கம்பெனிகளின் மானிட்டர்களில் இருக்கும். தேட வேண்டியது சேஸியின் எண்ணை. இரும்புச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், போர்டில் அச்சிட்ட எண், டியூபின் கழுத்தில் செருகியிருக்கும் நெக் போர்டு மூன்றையும் பாருங்கள். ஸ்டிக்கரை மட்டும் நம்பவேண்டாம். நாற்பது வருடத்தில் யாரோ ஒருவர் சேஸியை மாற்றியிருக்கலாம். எண் அழிந்துபோயிருந்தால் போர்டின் அமைப்பே சொல்லும். கே4600 என்றால் பெரிய போர்டின் மேல் சின்னப் போர்டுகள் செங்குத்தாகச் செருகியிருக்கும். கே7000-ல் ஒரே போர்டு. உயரம், இடவலம் சரிசெய்யும் திருகுகள் மட்டும் ஒயரில் தனியாக வெளியே வந்திருக்கும்.

அடையாளம் காணாமல் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு டாங்கி காங் (1981) பெட்டி நல்ல உதாரணம். அதில் இருந்தது சான்யோ மானிட்டர். நின்டெண்டோ போர்டு கலர் சிக்னலைத் தலைகீழாக அனுப்பும், சான்யோ அதை அப்படியே ஏற்கும். ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரும் அந்த மானிட்டரிலேயே இருந்தது. அதைத் தூக்கிவிட்டுப் பொது சேஸியையோ எல்சிடியையோ மாட்டினால் படம் போட்டோ நெகட்டிவ் மாதிரி வரும், சத்தமும் போய்விடும். இன்வெர்ட்டர் போர்டு ஒன்று, ஆம்ப்ளிஃபையர் ஒன்று என்று தனித்தனியாகச் சேர்க்க வேண்டும்.

எண் தெரிந்து மேனுவல் கைக்கு வந்துவிட்டால், கோளாறே வழி காட்டும். ஒற்றைக் கோடு என்றால் வெர்ட்டிகல் பகுதி. படம் நெளிந்து நெளிந்து ஆடினால் மெயின் பில்டர் கெப்பாசிட்டர். மேல் விளிம்பு மடிந்தால் வெர்ட்டிகலில் இருக்கும் சின்னக் கெப்பாசிட்டர்கள். ஒரு கலர் மட்டும் இல்லை என்றால் நெக் போர்டு டிரான்சிஸ்டர், அல்லது சிக்னல் வரும் பின்னில் டிரை சால்டர் (சரியாக ஒட்டாத சால்டர்). பியூஸ் போட்டவுடன் போகிறது என்றால் படத்தை இடவலமாக விரிக்கும் ஹாரிசாண்டல் அவுட்புட் டிரான்சிஸ்டரில் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஷார்ட் காட்டும். புது டிரான்சிஸ்டர் போட்டதும் நேரடியாக மெயின்ஸ் கொடுக்காமல் சீரிஸ் லாம்ப் (மின்வழியில் தொடராக இணைத்த பல்பு) வழியாகக் கொடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் நின்றால் ஷார்ட் இன்னும் உள்ளேயே இருக்கிறது; உயர் அழுத்தம் தரும் ஃப்ளைபேக் டிரான்ஸ்பார்மர் மேல் சந்தேகப்பட வேண்டியதுதான்.

என் சேஸியில் முதலில் யோக் (டியூபின் கழுத்தைச் சுற்றியிருக்கும், கற்றையைத் திருப்பும் காயில்) கனெக்டரின் பின்களைப் புதிதாகச் சால்டர் செய்தேன், பலன் இல்லை. எல்ஏ7830 போயிருந்தது. ஐசியை மட்டும் மாற்றி நிறுத்தக்கூடாது. பக்கத்தில் இருக்கும் காய்ந்துபோன கெப்பாசிட்டர்தான் பல நேரம் ஐசியைச் சாகடிக்கிறது. ஒன்றைக் கழற்றுகிற நேரத்தில் எல்லா எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரையும் மாற்றிவிடுவது நல்லது. பிறகு பி பிளஸ் வோல்டேஜ் (சேஸியின் முக்கிய சப்ளை) பார்த்தேன்: மேனுவல் சொன்ன 123 வோல்ட்டை ஒட்டியே இருந்தது. இந்த ஒரு அளவை யாரும் தாண்டிப்போகக் கூடாது. இது ஏறினால் டியூபுக்குப் போகும் உயர் அழுத்தமும் சேர்ந்து ஏறும்.

உயர் அழுத்தம் என்றதும் இரண்டு எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். தடித்த பிளாஸ்டிக் பிடி உள்ள ஸ்க்ரூடிரைவரை ஒரு ஒயரால் டியூபின் முதுகில் ஓடும் எர்த் பின்னலோடு இணைத்து, ஆனோடின் (டியூபுக்குள் உயர் அழுத்தம் நுழையும் இடம்) ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்து டிஸ்சார்ஜ் செய்யாமல் எதையும் தொடாதீர்கள். அடுத்தது, கே7000, ஜி07 போன்றவை ஹாட் சேஸி, அதாவது மெயின்ஸிலிருந்து தாமாகப் பிரிக்கப்படாதவை. பெட்டியின் அடியில் இருக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வழியாகத்தான் அவற்றுக்குக் கரன்ட் போக வேண்டும். மேஜையில் வைத்து நேராகச் சுவரில் செருகுவது மானிட்டருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து.

பொது சேஸிக்கு வருவோம். 15, 25, 31 கிலோஹெர்ட்ஸ் மூன்றும் எடுக்கும் சேஸிகளும் உண்டு. பழைய பெட்டியில் புது போர்டு ஓட்ட நினைப்பவருக்கு அது லாபம்தான். சிக்கல் யோக்கில். ஹாரிசாண்டல் சுற்று, வெர்ட்டிகல் சுற்று இரண்டையும் ஓமில் அளந்து, அதற்கு ஒத்துவரும் சேஸியாக வாங்க வேண்டும். ஒத்துவராவிட்டால் படம் அகலம் எட்டாமல் நிற்கும், அல்லது அவுட்புட் டிரான்சிஸ்டர் சூடேறிப் போகும். நெக் சாக்கெட்டும் டியூபோடு பொருந்த வேண்டும். இவ்வளவையும் பொருத்திய பிறகும், நான் பார்த்த பொது சேஸிகளோடு சர்க்யூட் டயகிராம் வரவில்லை. கெட்டால் பாகத்தை மாற்ற வழியில்லை, முழு போர்டையும் மாற்ற வேண்டும். எல்சிடியின் கன்வெர்ட்டர் போர்டுக்கும் பேனல் போர்டுக்கும் இதே கதைதான். ஒரு பொது சேஸி பல வருடம் தாங்குமா என்பதை நீண்ட நாள் ஓட்டிப் பார்த்தவர்களே சொல்ல வேண்டும். என் அனுபவம் அதில் குறைவு.

பழையதை விட்டுவிட வேண்டிய கட்டமும் உண்டு. டியூபின் கழுத்துக்குள் வெள்ளிபோல மின்னும் பூச்சு பால் நிறமாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, டியூப் முடிந்தது. அளவும் கழுத்தும் ஒத்த டிவி டியூப் கிடைத்தால் மாற்றலாம், ஆனால் யோக்கை நகர்த்தியதால் கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்படி கன்வர்ஜென்ஸை முதலிலிருந்து செய்ய வேண்டும். அது பொறுமையைச் சோதிக்கிற வேலை. சேஸி ரகமே அபூர்வம், அதற்கு ஃப்ளைபேக் எங்கும் இல்லை, டியூப் மட்டும் நன்றாக இருக்கிறது என்றால் பொது சேஸியைத்தான் நானும் போடுவேன். இரண்டும் போய்விட்டால் எல்சிடி. அப்போதும் பேனல் வாங்கும்போது கவனம்: திரையை நிமிர்த்தி வைக்கும் விளையாட்டுகளுக்கு டிஎன் பேனலைப் பக்கவாட்டில் திருப்பினால், தலையைக் கொஞ்சம் அசைத்தாலே நிறம் மாறும், ஐபிஎஸ் பேனலாக 4:3 அளவில் தேடுங்கள்.

வெக்டர் மானிட்டரில் நான் கைவைத்தது குறைவு. ஆனால் டெம்பெஸ்ட் (1981), ஸ்டார் வார்ஸ் (1983) பெட்டி வைத்திருப்பவருக்கு இந்த ஒப்பீடே வேறு. அந்தப் போர்டுகள் கோடுகளை நேராக டியூபில் வரைபவை என்பதால் சாதாரணப் பொது சேஸியும் சாதாரணக் கன்வெர்ட்டரும் அங்கே உதவாது. மேனுவலைத் தேடி எடுத்து, இருப்பதையே சரிசெய்யப் பாருங்கள்.