டியூட்டீரியத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

டியூட்டீரியம் என்பது கருவில் ஒரு நியூட்ரான் கூடுதலாக உள்ள கனமான ஹைட்ரஜன். விண்வெளியில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளக்க நான்கு வழிகளைப் பார்ப்போம், எதை நம்புவது என்பதுதான் கேள்வி. அமோனியாவில் மூன்று ஹைட்ரஜன் அணுக்கள். மூன்றும் டியூட்டீரியமாகவே இருக்கும் அமோனியாவை 2002-இல் பர்னார்டு 1 என்ற மூலக்கூறு மேகத்தில் (விண்மீன்களுக்கு இடையே உள்ள குளிர்ந்த வாயு, தூசித் திரளில்) கண்டார்கள். சூரியனைச் சுற்றியுள்ள வெளியில் லட்சம் ஹைட்ரஜனுக்கு ஒன்றரை டியூட்டீரியம்தான். தற்செயலாக மூன்று இடத்திலும் அதுவே வந்து உட்கார வேண்டுமானால் மூன்று கோடி கோடியில் ஒரு வாய்ப்பு. அங்கே கண்டதோ கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒன்று.

கணக்கை இப்படிக் குழப்புவது குளிர். மூன்று ஹைட்ரஜன் சேர்ந்து மின்னேற்றத்தோடு இருக்கும் எச்3+ அயனி எச்டி மூலக்கூறோடு மோதினால் டியூட்டீரியம் அயனிக்குத் தாவுகிறது. (எச்டி என்றால் இங்கே டிவி இல்லை, ஒரு ஹைட்ரஜனும் ஒரு டியூட்டீரியமும் சேர்ந்த ஜோடி.) அந்தத் தாவலில் சுமார் 230 கெல்வினுக்கு ஈடான ஆற்றல் வெளியாகிறது. மேகத்தின் வெப்பநிலையோ 10 கெல்வின், அதாவது சுமார் மைனஸ் 263 டிகிரி செல்சியஸ். போனது திரும்பி வர வழியில்லை. அந்த அயனி வழியாக மற்ற மூலக்கூறுகளிலும் டியூட்டீரியம் ஏறிவிடுகிறது. கார்பன் மோனாக்சைடு தூசியில் உறைந்துபோனால் இன்னும் கூடுதலாக ஏறும்.

அதனால்தான் முதல் வழியில், அதாவது மூலக்கூறுகள் விடும் மில்லிமீட்டர் அலையைப் பிடித்து அளப்பதில், எனக்குப் பாதி நம்பிக்கைதான். 1973-இல் ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ், வில்சன் மூவரும் ஓரியன் மேகத்தில் டிசிஎன் மூலக்கூறைப் (ஹைட்ரஜன் சயனைடான எச்சிஎன்னில் ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம்) பிடித்தார்கள். கடைசி இருவர் பெருவெடிப்பின் மிச்ச வெப்பத்தைக் கண்டவர்கள். தரையிலிருந்தே பார்க்கலாம், சமிக்ஞையும் பலமாக இருக்கும். ஆனால் டிசிஎன்னை எச்சிஎன்னால் வகுத்தால் கிடைப்பது மேகத்தின் குளிர்ச்சியும் வேதியியலும்தான். டியூட்டீரியத்தின் அளவு அதற்குள் புதைந்து கிடக்கும். அதைத் தோண்டியெடுக்க மேகத்தின் வேதிவினைகளைக் கணக்கிடும் மாதிரி (மாடல்) வேண்டும். அப்படி எடுத்தும் இருக்கிறார்கள்: பால்வீதி மையத்திலிருந்து 10 பார்செக் (சுமார் 33 ஒளியாண்டு) தள்ளியுள்ள ஒரு மேகத்தில், டிசிஎன்னை வைத்து, லட்சத்துக்கு 0.17 என்று 2000-இல் கணக்கிட்டார்கள். விண்மீன்கள் டியூட்டீரியத்தை எரித்துத் தீர்க்கும் இடத்தில் அவ்வளவாவது இருக்கிறதே என்பதுதான் செய்தி. வெளியிலிருந்து புதிய வாயு வந்து விழுந்துகொண்டிருக்க வேண்டும்.

புறஊதா வழியில் வேதியியல் தொல்லை குறைவு. பின்னால் இருக்கும் விண்மீனின் ஒளியில் டியூட்டீரிய அணு விட்ட இருண்ட கோட்டை நேராக அளக்கலாம். கோப்பர்னிக்கஸ் செயற்கைக்கோள் 1973-இல் இப்படித்தான் லட்சத்துக்கு 1.4 என்று சொன்னது. அப்புறம் வந்த ஃபியூஸ் செயற்கைக்கோள் திசைக்குத் திசை 0.5 முதல் 2.2 வரை மாறுவதைக் காட்டியது. டியூட்டீரியம் தூசியில் ஒட்டிக்கொள்வதுதான் காரணம் என்பது வலுவான விளக்கம். அதைவிடப் பெரிய குறை, அடர்ந்த மேகத்துக்குள் புறஊதா நுழையவே நுழையாது.

மூன்றாவது வழி, டியூட்டீரிய அணு விடும் 92 செ.மீ. ரேடியோ கோடு, அதாவது 327 மெகாஹெர்ட்ஸ், தூசியைப் பொருட்படுத்தாது. ஊட்டி ரேடியோ தொலைநோக்கி கேட்பதும் ஏறக்குறைய இதே அலைவரிசைதான். 1970களின் இறுதியில் அங்கிருந்தும் தேடினார்கள். இதற்கு மேல் இருக்க முடியாது என்ற உச்ச வரம்புதான் கிடைத்தது. கடைசியில் அமெரிக்காவின் ஹேஸ்டாக் ஆய்வகம் இதற்கென்றே 24 ஆன்டெனா நிலையங்களை நட்டு, மாதக்கணக்கில் கேட்டு, அக்கம்பக்கத்து மின்னணுச் சாதனங்களின் இரைச்சலோடு மல்லுக்கட்டி, 2007-இல் லட்சத்துக்கு 2.1 என்று முடித்தது. அருமையான உழைப்பு. ஆனால் மூலக்கூறு மேகத்துக்குள் டியூட்டீரியம் தனி அணுவாக இருப்பதில்லை, எச்டியாகக் கட்டுண்டு கிடக்கிறது. அதனால் இந்தக் கோடும் மேகத்துக்கு வெளியே நிற்கும் வாயுவைப் பற்றித்தான் பேசும்.

சரி, எச்டியையே நேராகப் பார்த்தால்? என் ஓட்டு இதற்குத்தான். 112 மைக்ரான் அகச்சிவப்புக் கோடு. ஐஎஸ்ஓ என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கி, ஓரியன் மேகத்தில் ‘ஓரியன் பார்’ (Orion Bar) எனப்படும் பகுதியில் அதைப் பிடித்தது. இங்கேயும் ஒரு சிக்கல்: அந்தக் கோட்டை எழுப்ப 128 கெல்வின் அளவு ஆற்றல் வேண்டும். 10 கெல்வின் மேகத்தில் எச்டி வாயே திறக்காது. வெதுவெதுப்பான வாயுவில்தான் பேசும், அங்கேயும் வெப்பநிலையைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பூமியின் காற்றோ இந்த அலையைத் தரைக்கு விடுவதில்லை. இந்த அலையைக் கேட்கக்கூடிய ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கியின் குளிரூட்டும் ஹீலியம் 2013-இல் தீர்ந்தது, தொலைநோக்கி சுமந்து பறந்த சோஃபியா விமானமும் 2022-இல் இறங்கிவிட்டது.