கார்டுக்கு அடியில் ஒரு பெட்டரி

பண்டாரவளையிலிருந்து மச்சான் போன வாரம் கேட்டான்: "நீ போட்டிருக்கிற மதர்போர்ட் விலை இறங்கியிருக்கு, எனக்கும் ஒண்ணு எடுக்கவா?" அன்றைக்கே பதில் போட்டிருந்தால் யோசிக்காமல் எடு என்றிருப்பேன். நேற்று இரவு மூன்றாவது தடவையாக அதன் கடிகார பெட்டரியை மாற்றினேன். அதனால் பதில் கொஞ்சம் நீளம்.

எச்610 சிப்செட், இரண்டு ரேம் ஸ்லொட், எல்லாருக்கும் தெரிந்த மலிவு ரகம். 2022 கடைசியில், எந்தச் சாமானைக் கேட்டாலும் யானை விலை சொன்ன நேரத்தில் வாங்கினேன். ஐ3-12100 ப்ரொசஸர் பூட்டி, அன்று முதல் இதில்தான் கலியாண வீடியோ எடிட்டிங். ஒருநாளும் நடுவில் நின்றதில்லை. பவர் பகுதிக்கு சூடு தணிக்கிற ஹீட்சிங்க் கிடையாது. கொழும்பு வெக்கைக்கு எப்படியோ, 4000 அடிக்கு மேலே ஹட்டனில் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பின்பக்கம் பழைய மொனிட்டருக்கு விஜிஏயும் பழைய கீபோர்டுக்கு பிஎஸ்2வும் விட்டுவைத்திருக்கிறார்கள். பாமினி தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டிய என் கிழட்டு கீபோர்ட் இன்றைக்கும் அதில்தான் ஓடுகிறது. அதற்காகவே அந்தப் போர்டை வடிவமைத்தவனுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அதே ஆள்தான் பெட்டரியை கிராபிக்ஸ் கார்டுக்கு நேர் அடியில் படுக்க வைத்திருக்கிறான்.

இடி மின்னல் இல்லாத ஊர்க்காரனுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ப்ளக் செருகியே இருந்தால், கணினி அணைந்திருந்தாலும் பவர் சப்ளையின் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் போர்டின் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும். நாங்கள் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் வானம் கறுத்தவுடன் டிவி முதல் எல்லாவற்றையும் பிடுங்கிப் போடுகிற ஆட்கள். பிடுங்கினால் சுமை முழுக்க அந்த 3 வோல்ட் சிஆர்2032 பெட்டரி தலையில்.

முதல் பெட்டரி போனது 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் குரங்கு பாய்ந்து நாடே இருண்ட ஞாயிற்றுக்கிழமை. கரண்ட் வந்து போட்டால் போர்டின் திகதி 2022 ஜனவரியில் நிற்கிறது. அவசரத்தில் நான் கவனிக்கவில்லை. புதிதாக முடித்த வீடியோ பழைய திகதியோடு பட்டியலின் அடிக்குப் போய்விட்டது. மேலே கிடந்ததை, பெண் வீட்டார் வெட்டச் சொன்ன சித்தப்பா டான்ஸ் முழுசாக இருந்ததை, அப்படியே அனுப்பிவிட்டேன். சித்தப்பாவுக்கு மட்டும் சந்தோஷம்.

அப்புறம் டவுனில் ஒரு கடையில் வாங்கிய பெட்டரி சில மாதங்கூடத் தாங்கவில்லை. அது போர்டின் குற்றமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு பிளேன்டியும் வடையும் வாங்குகிற காசுச் சாமானுக்காக ஒவ்வொரு தடவையும் கேஸைப் படுக்கப் போட்டு, வயரைக் கழற்றி, கார்டை உருவ வேண்டியிருக்கிறதே. ஸ்லொட்டின் கொக்கி கார்டின் விளிம்புக்கும் ரேமுக்கும் நடுவில் ஒளிந்திருக்கிறது. விரல் போகாது. மர ஸ்கேலால் அமுக்கிப் பிடித்து மறுகையால் இழுக்க வேண்டும், டோர்ச் வாயில். நேற்று ஸ்கேல் வழுக்கி, கார்டின் ஹீட்சிங்க் தகடு சுட்டுவிரலைச் சீவிவிட்டது. பெட்டரி போட்டு, போர்டின் செட்டிங்ஸ் திரையான பயோஸில் திகதி அடித்து, விசிறி வேகத்தைப் பழையபடி குறைத்து முடிக்கையில் மணி பன்னிரண்டு. ஒரு சாண் தள்ளி, ஹார்ட் டிஸ்க் வயர் செருகுகிற சாட்டா முனைகளுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டரிக்கு இடம் காலியாகவே கிடக்கிறது.

மச்சானுக்கு நியாயமாகச் சொன்னால், அவன் ஸ்கூல் பேப்பர் டைப் பண்ணுகிறவன், கிராபிக்ஸ் கார்டே போடப்போவதில்லை. அவனுக்கு மூடியைத் திறந்தவுடன் பெட்டரி கையில் வரும். விலையும் இறங்கியிருக்கிறது. என் போர்டை யாராவது விலைக்குக் கேட்டால் நான் கொடுக்கவும் மாட்டேன்.

சரி, வாங்காதே மச்சான். பிளாஸ்டர் ஒட்டிய விரலால் இதுக்கு மேல் டைப் பண்ண முடியவில்லை. விரல் ஆறின பிறகு இன்னொரு தடவை கேள்.