மாமனாரைச் சுட்ட கேஸ் கீசர்

பெங்களூரு அல்சூரில் உள்ள வாடகை வீட்டுக்கு, சூட்டைத் தானே சரிசெய்துகொள்ளும் கேஸ் கீசர் ஒன்றை 9,500 ரூபாய்க்கு வாங்கினோம். மூன்றாம் நாள் காலை குளியலறையிலிருந்து மாமனாரின் குரல்: "அம்மா, வெந்நீரா பச்சைத் தண்ணீரா, ஒரு முடிவுக்கு வரச் சொல்லு!"

பொறியியல் கல்லூரியில் கட்டுப்பாட்டியல் (கருவிகள் தம்மைத் தாமே சரிசெய்துகொள்ளும் விதம்) பாடம் எடுக்கும் எனக்கு இது மானப் பிரச்சினை. சமையலறை வெப்பமானியோடு உட்கார்ந்தேன். குழாயைப் பாதி திறந்தால் 35 டிகிரி, பிறகு 50, மறுபடி 35. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். முழுதாகத் திறந்தால் ஆட்டமே இல்லை.

கீசர் இருப்பது பால்கனியில். ஷவர் வரை 6 மீட்டர் அரை அங்குலக் குழாய். அதற்குள் சுமார் 1 லிட்டர் தண்ணீர். 20 லிட்டர் வாளி முழுத் திறப்பில் இரண்டரை நிமிடத்தில் நிரம்பியது, பாதியில் 4 நிமிடம். ஆக, கீசரில் மாறிய சூடு ஷவரை எட்டும் தாமதம் 8 வினாடியிலிருந்து 13 ஆகிறது. பொருத்த வந்த பையனோ, "துல்லியமாக இருக்கும் மேடம்" என்று, சூட்டை அளந்து கீசருக்குச் சொல்லும் உணரியை ஷவர் முனையில் கட்டிவிட்டுப் போயிருந்தான். பழைய செய்தியை நம்பி கீசர் தீயை ஏற்றுகிறது, இறக்குகிறது.

எளிய கணக்கில், திருத்தும் வேகத்தைத் தாமதத்தால் பெருக்கினால் 1.57க்குள், அதாவது π (பை) என்ற எண்ணின் பாதிக்குள், நிற்க வேண்டும்; மீறினால் ஆட்டம் பெருகும். தண்ணீரைச் சிக்கனப்படுத்தினால் தாமதமும் கூடுகிறது. அதே தீ குறைந்த தண்ணீரைக் காய்ச்சுவதால் திருத்தமும் முரடாகிறது. தீக்கு மேல்வரம்பும் கீழ்வரம்பும் இருப்பதால்தான் ஆட்டம் பெருகாமல் 35க்கும் 50க்கும் இடையே சுற்றி வந்தது. நேர்கோட்டில் அடங்காத அமைப்புகளின் குணம் இது. 1950களில் சோவியத் கணிதவியலாளர் கிராசோவ்ஸ்கி சொன்னதை மாணவர்களுக்கு இனி இப்படித்தான் விளக்கப் போகிறேன்: இந்த அமைப்பின் நிலை (அடுத்து என்ன நடக்கும் என்று கணிக்கத் தெரிய வேண்டியது) ஷவர் முனையில் காட்டும் ஒற்றை டிகிரி அல்ல, குழாய்க்குள் வரிசையில் நிற்கும் அந்த 1 லிட்டர் முழுவதும்.

உணரியைக் கழற்றி கீசரின் வாயிலேயே கட்டினேன். தண்ணீர் வந்து சேர இன்னமும் அதே 13 வினாடிதான்; ஆனால் அந்தக் காத்திருப்பு இப்போது அளந்து திருத்தும் பின்னூட்ட வளையத்துக்கு வெளியே. சூடு 40ஐ விட்டு அசையவில்லை.

கீசருக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. தீ நன்றாக எரிகிறது, சத்தமில்லை. கையேட்டில் பரிசுக் கூப்பனுக்கு ஒரு முழுப் பக்கம். உணரியை எங்கே கட்டுவது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.