நின்று பறிப்பதா, சறுக்கிப் பறிப்பதா? சிறுவர் கால்பந்தில் டேக்கிள் பயிற்சி

சிறுவர்கள் ஆசைப்படுவது பெரும்பாலும், தரையில் சறுக்கியபடி எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்கும் ஸ்லைடிங் டேக்கிளுக்குத்தான். கைதட்டல் வாங்குவது அதுதானே. ஆனால் தடுப்பாட்டத்தின் அன்றாட வேலையைப் பார்ப்பது, நின்றபடியே பந்தை மறிக்கும் பிளாக் டேக்கிள்.

இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு, முயற்சி தவறிய பிறகுதான் தெரியும். நின்று முயன்ற பிள்ளை ஏமாந்தாலும் உடனே திரும்பித் துரத்தலாம்; சறுக்கிய பிள்ளை எழுந்திருப்பதற்குள் பந்து போய்விடும், அந்தச் சில நொடிகளுக்கு அணியில் ஓர் ஆள் குறைவு.

பிளாக் டேக்கிள் எளிதாகத் தோன்றினாலும் அதில் நுணுக்கம் அதிகம். வேகமாக நெருங்கி, ஓரிரு மீட்டர் தொலைவில் அடிகளைச் சுருக்கி, முழங்காலை மடித்து, உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, எதிராளியின் கால் வித்தையில் மயங்காமல் பந்தையே பார்க்க வேண்டும். பந்து அவர் காலைவிட்டுச் சற்றே விலகும் கணத்தில், ஊன்றுகாலைப் பந்தின் பக்கத்தில் வைத்து, மறு பாதத்தின் உட்புறத்தால் அதன் நடுவில் மோத வேண்டும். கணுக்கால் இறுகியிருப்பது முக்கியம். பயந்துகொண்டு தளர்ந்த காலை நீட்டும் பிள்ளைக்குத்தான் அடி விழுகிறது. பந்து இரு கால்களுக்கும் நடுவே சிக்கினால், முட்டி மோதாமல் பாதத்தால் அதை மேலே உருட்டி எதிராளியின் காலைத் தாண்டவிடலாம்.

சறுக்கும்போது தரைப்பக்கம் இருக்கும் காலை மடித்து, வெளித்தொடையிலும் பிட்டத்திலும் இறங்கி, மேலே இருக்கும் காலால் பந்தைத் தள்ள வேண்டும். பழகாதவர்கள் முழங்காலில் விழுவார்கள், அல்லது கையை ஊன்றி மணிக்கட்டைச் சுளுக்கிக்கொள்வார்கள். காய்ந்த தரையில் தோல் உரிவது தனிக்கதை.

விதி இரண்டுக்கும் ஒன்றே. கால்பந்து ஆட்ட விதிகளில் 12ஆம் விதியின்படி, கவனக்குறைவான மோதலுக்கு எதிரணிக்கு நேரடி ஃப்ரீ கிக், எதிராளிக்கு நேரும் ஆபத்தைப் பொருட்படுத்தாமல் பாய்ந்தால் மஞ்சள் அட்டை, அளவு மீறிய பலத்துக்குச் சிவப்பு அட்டை. "பந்தைத்தானே முதலில் தொட்டேன்" என்ற வாதம் நடுவரிடம் எடுபடாது. சறுக்கத் தொடங்கிய உடலைப் பாதியில் நிறுத்த முடியாது என்பதால், இந்த விதியில் அதிகம் மாட்டிக்கொள்வது ஸ்லைடிங் டேக்கிள்தான்.

ஆகவே என் தேர்வு, சந்தேகமின்றி, முதலில் பிளாக் டேக்கிள். அசையாத பந்துக்கு இருபுறமும் இருவரை ஓரடி தள்ளி நிறுத்தி, முன்கால் காப்பான ஷின் கார்டு அணியச் செய்து, விசில் ஒலிக்கு ஒன்றாக மோதவிட்டுத் தொடங்கலாம்; பிறகு நடை வேகம், அதன் பிறகே ஓட்டம். சறுக்கலை, விழக் கற்ற பிள்ளைகளுக்கு மட்டும், ஈரப் புல்தரையில், எதிராளியே இல்லாமல் முழங்காலிட்ட நிலையிலிருந்து பழக்கலாம்.