ஏற்காட்டில் விளக்கவுரையுடன் ஒரு பியானோ மாலை

மேற்கத்திய செவ்வியல் இசையில் பழக்கமில்லாதவர்களுக்காக, ஒவ்வோர் உருப்படிக்கும் முன்பு தமிழில் விளக்கம் சொல்லி வாசிக்கும் பியானோ நிகழ்ச்சி ஒன்று ஏற்காட்டில் ஒரு விடுதியின் கூடத்தில் நடைபெற்றது. பாக், ஷோப்பான், பீத்தோவன் ஆகிய மூவரின் படைப்புகள் மட்டுமே, இடைவேளை கிடையாது. வாசித்தவரே பேசினார் என்பது நிகழ்ச்சியின் பலம், ஓரிடத்தில் பலவீனமும் அதுவே.

மேற்கத்திய இசையின் சுரவரிசைகளான 12 மேஜர், 12 மைனர் ஸ்கேல்கள் ஒவ்வொன்றுக்கும் பாக் எழுதி 1722-இல் தொகுத்த பிரிலூடுகளில், அதாவது குறும் இசைத்துண்டுகளில், முதலாவதை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள சுரக்கூட்டுகளைக் கட்டைகளை ஒருசேர அழுத்தி ஒவ்வொன்றாகக் காட்டிய பிறகு, அவற்றையே பாக் எழுதியிருக்கிறபடி தனித்தனிச் சுரங்களாகப் பிரித்து வாசித்தார். ஒற்றைச் சுரவரிசையாக ராகத்தைப் பின்தொடர்ந்து பழகிய காதுக்கு, ஒரு கூட்டு மொத்தமாக அடுத்த கூட்டுக்கு நகர்வது புதிய அனுபவம். அதைக் கலைச்சொற்களின் துணையின்றிச் சில நிமிடங்களில் உணர்த்திவிட்டார். அந்தப் பிரிலூடு அமைந்த சி மேஜர் என்பது சங்கராபரணத்தின் சுரங்களே என்று அவர் சொன்னது சரி. சுரங்களை அசைத்து இசைக்கும் கமகமில்லாமல் அது எப்படிச் சங்கராபரணமாகும் என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் முணுமுணுத்ததும் சரியே.

ஷோப்பானின் ஓபஸ் 28 என்ற எண்ணுள்ள தொகுப்பில் 15-ஆவது பிரிலூடுக்கு ‘மழைத்துளி’ என்ற பெயர் ஷோப்பான் வைத்ததன்று. அதில் ஏறக்குறைய தொடக்கம் முதல் இறுதி வரை ஒலித்துக்கொண்டேயிருக்கும் ஒரு கறுப்புக் கட்டையை மட்டும் வாசித்தவர் முதலில் தனியாகத் தட்டிக் காட்டினார். முழுதும் வாசித்தபோது, நடுப்பகுதியில் மேஜர் மைனராக மாறி இடக்கை கனக்க, மென்மையாக ஒலித்த அதே சுரம் அச்சமூட்டுவதாகிவிட்டதை யாரும் சொல்லாமலேயே கூடத்தில் எல்லோரும் உணர்ந்தனர். விளக்கவுரை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்: எதைக் கேட்பது என்று காட்டிவிட்டு விலகிவிட வேண்டும்.

பீத்தோவன் 1801-இல் இயற்றிய, பல பகுதிகள் கொண்ட சொனாட்டாவில் இதை வாசித்தவரே மறந்துவிட்டார். அதற்கு ‘நிலவொளி’ என்ற பெயர் பீத்தோவன் மறைவுக்குப் பின் ரெல்ஸ்டாப் என்னும் விமர்சகரால் வந்தது என்று சரியாகச் சொன்னவர், முதல் பகுதி முடிந்ததும் எழுந்து நின்று நிலவையும் ஏரியையும் நெடுநேரம் வருணித்தார். அப்பகுதியின் முடிவில், நிறுத்தாமல் உடனே அடுத்ததைத் தொடங்குமாறு பீத்தோவன் குறித்திருக்கிறார். துயரத்திலிருந்து ஒரு சிறு புன்னகைக்கு நழுவும் அந்தத் திருப்பம் பேச்சில் கரைந்துபோனது. இடையில் கைதட்டிய ரசிகர்களைக் குறைசொல்ல மாட்டேன். தட்டுவதற்கு இடம் கொடுத்தவர் அவர்தான்.

மூன்றாம் பகுதியை அபாரமான வேகத்தில் வாசித்தார். கீழ்ச்சுரங்களிலிருந்து சீறி ஏறும் ஒவ்வொரு வரிசையும் இரண்டு பலத்த தட்டல்களில் சென்று மோதும்போது சின்னஞ்சிறு பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தனர். ஆனால் விடுதியின் பழைய நிமிர்ந்த வகைப் பியானோ அவ்வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. மலையின் ஈரத்தில் மரம் உப்பி, நடுப்பகுதிக் கம்பிகளின் சுருதி சற்றே ஏறியிருந்ததோடு, சில கட்டைகள் மேலெழவும் தாமதித்தன. நிகழ்ச்சிக்கு முந்தைய நாளே சுருதி சேர்ப்பவரை வரவழைத்திருக்க வேண்டும். சேலத்திலிருந்து வந்தவர்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இருட்டில் இறங்க நேர்ந்ததால், அடுத்த முறை நான்கு மணிக்கே தொடங்கினால் நல்லது.